கீழே நிற்பவள்

என் மனைவி பகலில் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்குகிறாள். சாயங்காலம் உடற்பயிற்சிக் கூடத்தில், ஜோடி சாகசப் பயிற்சியில், என் தங்கையைத் தூக்குகிறாள். வீட்டில் உப்பு கூடிப்போனதற்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இரண்டு பேர், அங்கே போனால் ஒருத்தியின் உள்ளங்கைகளில் இன்னொருத்தி தலைகீழாக நிற்கிற அளவுக்கு ஒன்றாகிவிடுகிறார்கள். நாத்தனாரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற அண்ணி உலகத்திலேயே இவள்தான் என்பேன். உடனே இருவரும் கூட்டுச் சேர்ந்து என்னை முறைப்பார்கள்.

மேலே இருப்பவள்தான் சமாளித்து நிற்கிறாள் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். துடைப்பத்தை உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள், புரியும். அது சாய்கிற பக்கமாகக் கைதான் ஓட வேண்டும். என் தங்கைதான் துடைப்பம். அவள் தன் பங்குக்கு நெளிந்து சரிசெய்யப் பார்த்தால், ஒரே சாய்வை இருவரும் திருத்தி, இருவரும் பொத்தென்று விழுவார்கள்.

போன வருஷம் அப்படித்தான் விழுந்தார்கள். தங்கைக்குத் தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டது. எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. மேலே போனதும் இடுப்பு வளைந்துவிடுகிறது. இன்று நிற்காவிட்டால் ஜோடியைக் கலைத்துவிடுவேன் என்று பயிற்சியாளர் கறாராகச் சொல்லிவிட்டார். தங்கை சின்னவள், வேறு ஜோடி கிடைக்கும். முப்பத்தாறு வயசில் என் மனைவிக்கு யார் கிடைப்பார்கள்? தனக்கென்று அவள் வைத்திருப்பது அந்தக் கூடத்து மெத்தை விரிப்பு ஒன்றுதான்.

விழுந்தால் பிடிக்க நான் பக்கத்தில் நின்றேன். முன்னாலேயே தொட்டுவிட்டால் செல்லாது.

"பயமா இருக்கு அண்ணி."

"பயந்துக்கோ. ஆனா நெளியாத. கம்பி மாதிரி இரு. விழாம பாத்துக்கறது என் வேலை."

தங்கை ஏறினாள். தலைகீழாக நின்றாள். திடீரென்று அவள் கால்கள் என் பக்கம் சாய்ந்தன. எனக்கு உயிரே போய்விட்டது. பிடிக்கத் தானாக நீண்ட என் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். தங்கையின் இடுப்பு வளையப்போகிறது என்று பார்த்தால், வளையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சாய்ந்தபடியே விறைத்து நின்றாள். கீழே என் மனைவியின் மணிக்கட்டுகள் துளி நகர்ந்தன, கால் விரல்கள் மெத்தையை அழுத்தின. அவ்வளவுதான். இரண்டு உடம்பின் எடையும் அவளுடைய இரண்டு பாதங்களுக்கு நடுவே திரும்பி வந்து சேர்ந்தது. தினமும் பார்க்கிற கைகள்தான். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பயிற்சியாளர் விசில் ஊதி, சரி என்று தலையாட்டினார். இறங்கி வந்த தங்கை அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நான் ஒண்ணுமே பண்ணல அண்ணி. சாஞ்சப்பகூட சும்மாதான் இருந்தேன்."

"தெரியும்டி," என்றாள் என் மனைவி. "என் கைக்குத் தெரிஞ்சுது."