மலர் வளையத்துக்குத் திறந்த வழி

வாசகரே, நீங்கள் அன்று அங்கே இல்லை. அதனால்தான் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் முகம் எந்தக் கேமராவில் விழுகிறது என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சாட்சிக்கு உதவமாட்டார்கள். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் பெரிய தலைவர் ஒருவர் மறைந்தார். முழு அரசு மரியாதை என்று அறிவித்தார்கள். நகரின் நடுவே ஒரு மைதானத்தில் மேடை போட்டு, கொடி போர்த்திய உடலைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருந்தார்கள். மாலையில் போலீஸ் துப்பாக்கிகள் வானை நோக்கி முழங்கும்வரை பொதுமக்கள் வரிசையில் வந்து பார்க்கலாம். அந்த வரிசையில் மயங்கி விழுபவர்களைத் தூக்கிச் செல்ல வந்திருந்த அவசர உதவிக் குழுவில் நானும் ஒரு தொண்டன். ஆறு பேர், ஒரு ஸ்ட்ரெச்சர், தெற்கு வாசலில் ஓர் ஆம்புலன்ஸ்.

எனக்குக் கொடுக்கப்பட்ட கருவி ஒரு கை மைக். காரணம் உண்டு. பள்ளி நாள்களிலிருந்து மேடையேறியவன் நான். அல்சூர் ஏரிக்கரைப் பக்கத்துத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் நான் பேசி எதிரணி வென்றதில்லை. மூச்சை எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லில் கையை உயர்த்துவது, எப்போது மௌனம் காப்பது என்று முறையாகப் பயின்றவன். தமிழும் கன்னடமும் ஒரே இடறல் இல்லாமல் வரும். எங்கள் குழுவின் பொறுப்பாளர் சந்தாபுராவிலிருந்து வந்திருந்த ஒரு செவிலியர், எல்லோருக்கும் அக்கா. அவர் மைக்கை என் கையில் திணித்தபோது, "குரல் இருக்குது உன்கிட்ட. அளவா பேசு" என்றார். நான் முதல் வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

என் இடம் ஒரு தடுப்புக் கம்பியின் அருகில். மேடையின் பக்கவாட்டிலிருந்து தெற்கு வாசல்வரை இரண்டு வரிசைக் கம்பிகளுக்கு நடுவே ஓர் ஆள் உயர அகலத்தில் வெறும் பாதை விட்டிருந்தார்கள். அது ஸ்ட்ரெச்சருக்கு மட்டும். ஆனால் நம் ஊரில் காலியாக ஒரு பாதையைக் கண்டால், அது யாரோ பெரிய மனிதருக்காக ஒதுக்கப்பட்டது என்றே எல்லோரும் முடிவுகட்டுகிறார்கள். தன்னைப் பெரிய மனிதன் என்று நினைக்கும் ஒவ்வொருவனும் அது தனக்காகத்தான் என்று முடிவுகட்டுகிறான். காலையிலிருந்து அப்படிப்பட்டவர்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மலர் வளையம், பின்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்த ஓர் உதவியாளன்.

அந்த மலர் வளையங்களை நான் நன்றாகப் பார்த்தேன். மறைந்தவரின் பெயர் ஓரத்தில் சிறு எழுத்தில். வைப்பவரின் பெயர் நடுவில் பொன் எழுத்தில். ஒருவர் வளையத்தை வைத்தார், படம் எடுத்துக்கொண்டார், நகர்ந்தார். அவருடைய நண்பர் அதே வளையத்தை எடுத்து, பெயர்ப் பட்டையைக் கழற்றித் தன் பட்டையைக் குத்தி, மறுபடி வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். துக்கத்தின் சாயல்கூட அவர்கள் முகத்தில் இல்லை. படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் உதடுகளைக் கீழே இழுத்துக்கொண்டார்கள். இவர்களை நான் வெறுத்தேன். வெறுப்பதில் ஒரு சுகமும் கண்டேன். ஒவ்வொருவரையும், "இது நோயாளிகளுக்கான வழி" என்று இரண்டு மொழிகளில் திருப்பி அனுப்பினேன்.

நடுப்பகலில் ஒருவர் வந்தார். அதே வேட்டி, அதே வளையம். கூட ஏழெட்டுப் பேர். நான் வாயைத் திறப்பதற்குள் கைகூப்பினார்.

"தம்பி, நீங்க நம்ம சங்கத்துல பேசுறவர்தான? போன வருஷம் உங்க பேச்சக் கேட்டு அப்படியே ஒக்காந்துட்டேன். என்னா குரல்! பெங்களூர்ல இன்னிக்கி உங்கள மாதிரி தமிழ் பேச ஆளே இல்ல."

"நன்றி ஐயா."

"ஒரே நிமிஷம் தம்பி. வளையத்த வெச்சிட்டு ஓடி வந்துடறேன்."

கம்பியைத் திறந்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. மிரட்டியிருந்தால் மறுத்திருப்பேன், அந்த அளவு வீரம் என்னிடம் இருந்தது. பாராட்டினார், திறந்துவிட்டேன். அவருடன் வந்தவர்கள் நுழைந்தார்கள். அவர்கள் நுழைவதைக் கண்டு அடுத்த வளையம் நுழைந்தது, அதற்கடுத்ததும் நுழைந்தது. கம்பியை இழுத்துச் சாத்த என் இரண்டு கைகளும் போதவில்லை. சிறிது நேரத்தில் அந்தப் பாதை முழுவதும் பூவும் வேட்டியுமாக அடைத்துக்கொண்டது.

அப்போதுதான் பொது வரிசையில் ஒரு பெண் விழுந்தார்.

ஸ்ரீராம்புரத்தைச் சேர்ந்த மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி அவர். அந்த மைதானத்தை விடியற்காலையிலிருந்து கூட்டியவர்களில் ஒருவர். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், சீருடைக் கோட்டையும் கழற்றாமல், தலைவரை ஒரு முறை பார்த்துவிட்டுப் போக வரிசையில் நின்றிருக்கிறார். கூட நின்ற தோழி அலறினாள்: "அய்யோ, ஒடம்பு நெருப்பா கொதிக்குது! யாராவது வாங்களேன்!"

அக்கா ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தார். கூப்பிட்டால் பதில் இல்லை, வியர்வையும் இல்லை. வெயில் தாக்கிய உடம்பு. உடனே குளிர்விக்காவிட்டால் பிழைக்க மாட்டார் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிப் பாதையின் முகப்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முன்னால் வேட்டிகளின் சுவர். ஆம்புலன்ஸ் கண்ணுக்குத் தெரிந்தது, போக வழியில்லை.

"மைக்ல சொல்லுடா!" என்று கத்தினார் அக்கா.

சொன்னேன். சாட்சியாக நின்று கேளுங்கள், நான் சொன்னது இதுதான்: "பேரன்பு கொண்ட பெருமக்களே! துயரத்தின் பெருங்கடலில் மூழ்கியிருக்கும் இவ்வேளையில், உயிருக்குப் போராடும் ஒரு சகோதரிக்காக உங்கள் இதயங்களின் வாசலைத் திறந்து..." மூச்சு நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். கை தானாக உயர்ந்தது.

கூட்டம் நிமிர்ந்தது. அந்தக் குரலை அவர்களுக்குத் தெரியும். காலையிலிருந்து மேடையில் அதே குரலில்தான் அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்திய இடத்தில், நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று பழகிய ஆயிரம் தொண்டைகள் ஒரே நேரத்தில் முழங்கின: "அமர் ரஹே! அமர் ரஹே!" மறுபடி கன்னடத்தில் முயன்றேன். மறுபடி முழக்கம். யாரோ புது ஆள் பேசுகிறான் என்று பார்க்க, பின்னாலிருந்தவர்கள் முன்னால் நெருக்கினார்கள். வேட்டிக்காரர் ஒருவர் செல்போனை என் பக்கம் திருப்பினார். என் சொல்லுக்கு அவ்வளவு பெரிய கூட்டம் அசைந்தது அதுவே முதல் முறை. அது அசைந்தது ஸ்ட்ரெச்சரை நோக்கி.

அக்கா மைக்கைப் பிடுங்கினார். "இன்னாடா, கவியரங்கமா நடத்துற?" என்றார், மைக்கிலேயே. அடுத்த மூச்சில், வழி விடச் சொல்லிக் கன்னடத்திலும் தமிழிலும், "ஏய், ஜாக பிடி! ஜாக பிடி! தள்ளு! பொம்பள சாவுறா, தள்ளு!"

வழி பிறந்தது. வரிசையில் நின்றிருந்த ஏழை ஜனம் முதலில் விலகியது. கம்பிமேல் ஏறி நின்று இடம் விட்டார்கள். வேட்டிகள் கடைசியில் விலகின. என்னைப் பாராட்டியவர் மேடைப்படியில் நின்று, தன் வளையத்தின் பட்டை நேராக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சர் அவர் முதுகை உரசிக்கொண்டு போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸில் அக்குளிலும் கழுத்திலும் பனிக்கட்டிப் பைகளை வைத்து, துணியை நனைத்து நனைத்துப் போர்த்தினோம். அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினார்: "வழி இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல ஏத்தியிருக்கலாம். கம்பிய எவன் திறந்தான்?" பாய்ந்துகொண்டிருந்த வண்டியில் நான் கேட்காததுபோல் துணியைப் பிழிந்தேன்.

மருத்துவமனையில் அந்தப் பெண் கண் திறக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. பிழைத்துக்கொண்டார். சிறுநீரகத்தில் பாதிப்பு இருக்கிறது, எவ்வளவு என்பது சில நாள் போனால்தான் தெரியும் என்று மருத்துவர் சொன்னார். அந்தப் பெண் தோழியைப் பார்த்து, "எடுத்துட்டாங்களா? நான் அவர பாக்கவே இல்லியேடி" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக ஒரு அஞ்சலியும் அன்று மேடையில் கேட்கவில்லை.

நடைகூடத்தில் தோழி என்னை மடக்கினாள். "நீதான மைக்ல பேசின புள்ள? கும்பலே ஜே போட்டுச்சே, விஷயம் தெரியாம. அந்த வெள்ள வேட்டிங்கள உள்ள வுட்டது யாருப்பா?"

அக்காவும் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நான்தான்மா" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டவில்லை. "எதுக்கு வுட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

"என் பேச்ச நல்லாருக்குன்னு சொன்னாரு."

"த்தூ" என்றாள். எந்தத் தீர்ப்புரையும் அதைவிடச் செறிவாக எழுதப்பட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து என் செல்போன் அடித்தது. சங்கத்தில் என் எண்ணை வாங்கியிருக்கிறார், மலர் வளையக்காரர். ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டமாம். தலைமை அவர். சிறப்புரை நான். "மைதானத்துல நீங்க பேசினீங்களே, ஜனங்க எப்படி முழங்கினாங்க பாத்தீங்களா? அதே மாதிரி ஒரு பேச்சு போடணும் தம்பி!"

இரண்டு பெண்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரைப் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்கே மூச்சு நிறுத்துவது என்று யோசிக்காமல் உரக்கச் சொன்னேன்:

"வர்றேன் சார். கண்டிப்பா பேசுறேன். ஸ்ட்ரெச்சர் போற வழிய அடைச்சது நீங்க, அடைக்க விட்டது நான். ஒரு அம்மா சாகப் பாத்தாங்க. ஞாயித்துக்கிழமை மேடையில இத உங்க பேரச் சொல்லி, என் பேரயும் சொல்லி பேசுவேன். வேற எதுவும் பேச மாட்டேன்."