மை பிடித்ததா?

செம்பாக்கம் ரேஷன் கடையில் போன வாரமும் என் கட்டைவிரல் என்னைக் கைவிட்டது. மெஷினில் அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். "புடிக்கலம்மா. ரேகையே இல்லியே, இன்னா வேல பாத்தீங்க?" என்றார் கடைக்காரர். பின்னால் வரிசை நீண்டது. வெட்கப்பட்டு நின்றேன். அங்கே சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். எழுதும்போது எனக்கு அத்தனை கூச்சமில்லை, எழுத்துப்பிழைதான் வரும். ஐந்தாவதோடு நின்ற படிப்பு.

கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்தது குரோம்பேட்டையில் ஒரு தோல் பட்டறையில். பெண்களுக்கான கைப்பை தைப்பார்கள். பை மூடியில் யானைப் படம் அச்சடிப்பது எங்கள் மேஜை. அச்சு அடிப்பவள் ஜெய்தூன் அக்கா, பல்லாவரத்திலிருந்து வருவாள். மை பார்ப்பது நான். புட்டிகளின் மேல் எல்லாம் இங்கிலீஷ். எங்களுக்கு மூக்குதான் படிப்பு. ஸ்பிரிட் வாடை அடித்தால் சாராய மை, வாடையே இல்லாவிட்டால் தண்ணி மை. சாராய மை தோலுக்குள் இறங்கிவிடும், அழியாது. ஆனால் வெளிர் தோலில் கொஞ்சம் பரவி யானையின் கண்ணை அடைத்துவிடும். தண்ணி மையில் கண், நகமெல்லாம் ஊசியால் வரைந்த மாதிரி விழும், தோலில்தான் தங்காது. அதனால் புது மை வந்தால் வெட்டுத் துண்டில் அடித்து, காயவைத்து, கட்டைவிரலால் இருபது தரம் தேய்த்துப் பார்ப்பேன். யாராவது பேசினாலே எனக்குக் கை வியர்த்துவிடும். அந்த வேலை எனக்கு வந்ததே அதனால்தான்.

"பஸ்ல பைய புடிச்சிகினு நிக்கிறவ கையி இப்டித்தாண்டி இருக்கும். உன் வெக்கத்துக்கும் ஒரு வேல கெடச்சிது பாரு" என்று ஜெய்தூன் அக்கா சிரிப்பாள். ஒவ்வொரு தடவையும் விரலைத் தின்னரில் கழுவுவேன். ரேகை போன கதை அதுதான்.

ஒரு நாள் புதுப் புட்டி வந்தது. ஸ்பிரிட் வாடை லேசாக இருந்தது, கோடும் சுத்தமாக விழுந்தது. வெளியூருக்குப் போகவேண்டிய பைகள், அவசரம். தேய்த்தேன். பதினைந்தாவது தேய்ப்பில் மையின் பழுப்பு விரல் நுனியில் ஏறியது, தோலில் தங்கவில்லை. அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வாசலில் நின்று, "இன்னா, புடிச்சிருக்கா?" என்று கத்தினார்.

மையைத்தான் கேட்டார். ஆனால் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம், பட்டறைக்கே தெரியும். தையல் மெஷின்கள் நின்றன.

"மேஸ்திரியே நேரா கேட்டுட்டாரு, சொல்லேண்டி!"

"தல குனிஞ்சிகினா பாருங்க, அப்ப புடிச்சிருக்கு!"

ஒரே சிரிப்பு. நான் உண்மையிலேயே தலை குனிந்துதான் இருந்தேன். விரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். மேஸ்திரியும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஜெய்தூன் அக்கா என்னை நம்பி அச்சைக் கையில் எடுத்தாள். (மாப்பிள்ளையைப் பற்றி வீட்டில் யாரும் என்னை அப்படிக் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம்.)

பைகள் திரும்பி வந்தன. பையை வாங்கியவர்களின் புடவையில் யானைகள் ஏறிவிட்டிருந்தன.

"அச்சு அடிக்கிறதுக்கு முன்ன தோல ஸ்பிரிட் போட்டுத் தொடச்சியா இல்லியா? மெழுகு மேலயே அடிச்சிருக்க!" என்று மேஸ்திரி ஜெய்தூன் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"தொடச்சேன் மேஸ்திரி. அல்லா மேல சத்தியமா தொடச்சேன்."

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். வீட்டுக்காரர் படுத்த படுக்கை, இரண்டு பெண்பிள்ளைகள். அவள் வீட்டில் உலை வைத்ததே அந்த மேஜையை நம்பித்தான். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கை வியர்த்தது. வாய் திறக்கவில்லை.

அக்காவை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போகிறவள் என்னிடம் வந்து, என் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தாள். "இதுக்குத் தெரிஞ்சிருக்குமேடி" என்றாள். கோபமாகக்கூட இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை பல்லாவரத்தில் அவளைத் தேடிப் போனேன். வீட்டைக் காலி செய்துவிட்டிருந்தார்கள். பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்த வாடையும் இல்லை. தோல் பதனிடும் குரோம் என்று ஊர்ப் பெயரில்தான் கொஞ்சம் தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரேஷன் கடையில் கடைசியில் வேறு விரலை வைக்கச் சொன்னார்கள். பச்சை விளக்கு எரிந்தது. அரிசியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். எனக்குப் பின்னால் நின்றவரிடமும் கடைக்காரர், "புடிக்கல பெரியவரே" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய வார்த்தை அது.