பதினைந்து கெஜம் பின்னால்

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் கங்காரு நாட்டில், ஹோம்புஷ் என்ற புறநகரில் குடியிருந்தோம். வருடத்தைத் திட்டமாகச் சொல்ல முடியாதது எனக்கு உறுத்தல்தான். என் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தபின் வந்த முதல் குளிர்காலம் என்பது மட்டும் நிச்சயம். வீட்டுக்குள்ளும் அவள் கம்பளிச் சட்டையோடு திரிந்தாள்.

மேல்மாடியில் ஓர் அமெரிக்கர் தனியாக இருந்தார். பள்ளியொன்றில் உடற்பயிற்சி ஆசிரியர். அதற்கு முன் தம் நாட்டில் சில பருவங்கள் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். குனிந்து, கால்களுக்கிடையால் முட்டை வடிவப் பந்தைப் பின்னோக்கி எறிவது அவருடைய தனித்திறமை. பதினைந்து கெஜம் பின்னால் நிற்பவர் அதைப் பிடித்து உதைப்பார். சரியாக எறிந்தால் யாரும் கவனிப்பதில்லை. பிழைத்தால் மட்டும் அரங்கம் முழுவதும் எறிந்தவரைத் திரும்பிப் பார்க்கும்.

அந்நாட்களில் இந்த வேலைக்கென்று அணிகள் தனியே ஆள் வைப்பது அரிது. முன்வரிசையில் முட்டிமோதுபவர்களில் ஒருவரே இதையும் செய்யவேண்டும். முழங்கால் கெட்டு மோத முடியாமற் போனதும் அவரை அனுப்பிவிட்டார்கள். எறியும் கைகளில் ஒரு குறையும் இல்லை. எறிவதற்கென்றே ஒருவரை வைத்திருக்க ஓர் அணி யோசிப்பதாகவும், ஜூலையில் தேர்வுக்கு வரலாம் என்றும் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து இவர் மாடிப்படியில் இறங்கும்போதே விரல்களை மடக்கி விரித்துக்கொண்டு வருவார்.

பிடிக்க ஆள் வேண்டுமே. ஞாயிறு காலைகளில் பூங்காவில் நான் போய் நின்றேன். அவருடைய இலக்கு, பிடிப்பவரின் வலது இடுப்பு. தேநீர்ப் போத்தலோடு வாங்கில் உட்கார்ந்திருந்த மனைவி முதல்நாளே கேட்டாள்:

"இஞ்சேருங்கோ, அந்த மனிசன் ஏன் உங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிக்குது? ஏதும் கோவமோ?"

சில வாரங்களில் நான் அசையாமலே ஒவ்வொரு பந்தும் என் இடுப்புக்கு வந்து சேர்ந்தது. அவர் குழந்தையைப்போல் மகிழ்ந்தார். மனைவி மட்டும் தேநீரை ஊற்றியபடி, "உங்கட இடுப்புக்கு எறிஞ்சு பழகிப்போட்டு அங்க போய் என்ன செய்யப்போறார்? அங்க எல்லாரும் பனை உயரமெல்லே," என்றாள். அதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். மூவரும் சிரித்தோம். என் உயரம் எங்கள் வீட்டில் பழைய பகிடி.

அவர் விடுப்பெடுத்துப் புறப்பட்டுப் போனார். ஞாயிறுகளில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நூலகத்தில், வாரக்கணக்கில் பிந்திவரும் அமெரிக்கப் பத்திரிகைகளைப் புரட்டினேன். ஓடியவர்கள், உதைத்தவர்கள் பெயரெல்லாம் இருந்தன. பந்தை எறிந்து கொடுத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

அவர் திரும்பிவந்தபோது, இங்கே குளிர்கால முடிவில் பூக்கும் வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. ஆகவே ஓகஸ்டாக இருக்கவேண்டும். எங்கள் குசினிக் கதிரையில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அங்கே உதைக்க நின்றவர் ஆறடிக்கும் மேல். பந்துகள் நேராக, வேகமாகத்தான் போயின. ஆனால் எல்லாம் அந்த மனிதரின் தொடைக்கே போயின. உயர்த்தி எறிய முயன்றபோது ஒன்று தலைக்கு மேலால் பறந்தது. அத்தோடு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"நான் பகிடிக்கெல்லே சொன்னனான்," என்றாள் மனைவி, எனக்கு மட்டும் கேட்க.

அடுத்த ஞாயிறு காலை கதவு தட்டப்பட்டது. அவருடைய ஒரு கையில் பந்து, மறுகையில் பால்போத்தல்கள் அடுக்கும் பெட்டி. பூங்காவில் அதைக் கவிழ்த்துவைத்து, என்னை ஏறச் சொன்னார்.

"அடுத்த ஜூலை," என்றார்.

ஏறினேன். பெட்டி ஆடியது. விழுந்து காலை முறித்துக்கொள்ள வேண்டாமென்று மனைவி வாங்கிலிருந்து எச்சரித்தாள். அந்த உயரத்திலிருந்து, மரங்களுக்கு அப்பால் நகரத்துக்குப் போகும் ரயில்பாதை தெரிந்தது. அவர் குனிந்து, கால்களுக்கிடையால் தலைகீழாக என்னைப் பார்த்தார். வழக்கத்தைவிட நீண்டநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் கைகளை நீட்டினேன்.