செல்வி காப்பாற்றிய பிரவுசிங் சென்டர்

கால் கட்டைவிரலில் சுர்ரென்று ஒரு ஷாக்...

செங்கம் ரோட்டில் நாங்கள் நடத்திய பிரவுசிங் சென்டரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். மலையடிவாரக் கோயில் ஊர் பழக்கம், வெள்ளைக்காரர்கள்கூட வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். வெறுங்கால் சி.பி.யு. தகரத்தில் பட்டதும் துள்ளி எழுவார்கள். எர்த் சரியில்லை, அவ்வளவுதான். ஒருவர் மட்டும், "இது மலையோட சக்தியா?" என்று பயபக்தியோடு கேட்டார். நான் இல்லையென்று சொல்லவில்லை. வியாபாரத்தில் சில நேரம் வாயை மூடிக்கொள்வதும் ஒரு வேலை.

எண்பத்தொன்பதில், இங்குள்ள ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு சைக்கிள் விட்டு ஆரம்பித்தவன் நான். அப்புறம் எஸ்.டி.டி. பூத். இரண்டாயிரம் பிறந்ததும் பூத்தில் கூட்டம் கம்மியாகிவிட்டது. ஐந்து கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். எனக்கு அதை ஆன் பண்ணத் தெரியும், ஆஃப் பண்ணத் தெரியும். மற்றதெல்லாம் என் மனைவி செல்வி. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிற குடும்பம். பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் டவுனில் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்தாள்.

எங்கள் வாடிக்கையாளர்களில் முக்கியமானவர், சாந்தி என்று பெயர் மாற்றிக்கொண்ட ஒரு ஜெர்மன்காரம்மா. எந்த மெஸ்ஸில் சாப்பிடலாம், எந்த டெய்லரிடம் தைக்கலாம் என்று அவர் கை காட்டினால்தான் மற்ற வெளிநாட்டுக்காரர்கள் போவார்கள்.

ஒருநாள் காலையில் அவர் எங்கள் வாசலில் நின்று கத்தினார். யாரோ அவருடைய மெயிலுக்குள் புகுந்து, 'ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்பு' என்று அவருடைய நண்பர்களுக்கெல்லாம் எழுதியிருக்கிறார்கள். பாஸ்வேர்டு திருட்டுப்போனது உங்கள் கடையில்தான் என்றார்.

மறுநாள் ஐந்து நாற்காலியும் காலி. அதற்கடுத்த நாளும்...

பக்கத்து ஜூஸ் கடை முனுசாமிக்கு ஒரே குஷி. "இன்னா ஓனரே, திரும்ப சைக்கிள் உடப் போறியா?"

கெட்ட பெயரோடு அந்த ரோட்டில் கடை நடத்த முடியாது.

செல்வி மட்டும் பதறவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் நோண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம மிஷின்ல ஒண்ணுமில்லீங்க. அவன் பூட்ட ஒடைக்கல, சாவி போட்டே தொறந்துருக்கான்."

"சாவிய யாரு குடுத்தா?"

"நீங்க அந்தம்மாவ கூட்டினு வாங்க, சொல்றேன்."

கெஞ்சிக் கூட்டிவந்தேன். அவருக்குத் துணையாக, சண்டைக்கு வருவதுபோல நான்கு வெளிநாட்டுக்காரர்களும் வந்தார்கள். செல்வி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நிதானமாகப் பேசினாள். "உங்க பாஸ்வேர்டை நீங்க சொல்ல வேணாம் மேடம். நான் சொல்றேன்."

குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள், மந்திர உபதேசம் மாதிரி. அவர் ஏளனமாகச் சிரித்து, இல்லையென்று தலையாட்டினார். இன்னொன்று சொன்னாள். அதற்கும் இல்லையென்றார். மூன்றாவது சொன்னதும் அந்தம்மாவின் முகம் குப்பென்று சிவந்துவிட்டது.

அருணாசலா!

"இந்த ஊருக்கு வர்றவங்க பாதிப் பேர் மலை பேரைத்தான் வெச்சிருப்பாங்க மேடம். உங்களைத் தெரிஞ்சவங்க யார் வேணும்னாலும் கண்டுபிடிக்கலாம்."

கூட வந்த நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தடதடவென்று பாஸ்வேர்டை மாற்ற ஆரம்பித்தார்கள். அதற்கும் பிரவுசிங் சார்ஜ் வாங்கிக்கொண்டேன். வியாபாரம் வியாபாரம்தான்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "உனக்கு எப்படிடீ தெரிஞ்சது?"

"மிஷின ஆன் பண்ண நீங்களும் அதானே வெச்சினு இருக்கீங்க!"

சாந்தியம்மா கத்தின வாயாலேயே எங்கள் கடையைப் புகழ்ந்தார். நாற்காலிகள் நிரம்பின. ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. "எங்கள் நாட்டில் கம்ப்யூட்டரில் திருட்டு நடக்காமல் காப்பதையே வேலையாகச் செய்கிறார்கள், அதற்குப் பரீட்சையெல்லாம் இருக்கிறது" என்று அவர் செல்வியிடம் சொல்லிவிட்டுப் போனார். அது அவள் மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சனி, ஞாயிறு வேலூருக்கு பஸ் ஏறி நெட்வொர்க்கிங் கிளாஸ். மற்ற நாட்களில் ஐந்தாவது கம்ப்யூட்டர் அவளுக்கு, வாடிக்கையாளருக்குக் கிடையாது. முதல் சர்டிபிகேட் பரீட்சையை சென்னையில் எழுதி, பெயிலாகி வந்தாள். முனுசாமி விடுவானா? "இன்னாபா, வூட்டுக்காரம்மா பெயிலாமே. நீயாவது டுடோரியல்ல சேத்து உடு."

அழுவாள் என்று நினைத்து நான் ஆறுதல் வார்த்தைகளோடு காத்திருந்தேன். அவளோ பையை வைத்ததும் புத்தகத்தைத்தான் எடுத்தாள். "எங்க உட்டேன்னு தெரிஞ்சுபோச்சுங்க. அடுத்த வாட்டி உடமாட்டேன்."

விடவில்லை. அடுத்து ஒன்று, அதற்கு மேல் ஒன்று, கடைசியில் சாந்தியம்மா சொன்ன அந்த செக்யூரிட்டி பரீட்சை. சென்னையில் ஒரு கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் அவளை 'ஆன்ட்டி' என்று கூப்பிடுகிற வயசு. இன்றைக்கு அந்த ஆன்ட்டி ஒரு டீமுக்கே தலைவி. நான் எத்தனையோ முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். கையில் இருப்பதை வைத்து மேலே வந்தவர்கள்தான் ஜாஸ்தி. தெரியாததைப் படித்துப் படித்து மேலே வந்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, இவள்தான்.

கடை இப்போது இல்லை. எல்லாருடைய கையிலும் இன்டர்நெட். அதே இடத்தில் நான்கு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

அன்றைக்கு சாந்தியம்மா நேரில் வந்து கத்தினார், நேரில் பார்த்தே அசந்தும் போனார். இப்போது ராவும் பகலுமாக அவள் யார் யாருடைய கதவையோ காவல் காக்கிறாள், அவர்களுக்கு இவள் பெயர்கூடத் தெரியாது. போன வாரம் கேட்டே விட்டேன்: "ஒருத்தர்கூட உனக்கு தேங்க்ஸ் சொல்லமாட்டாங்களா?"

"எதுவும் நடக்கலன்னா யாருங்க தேங்க்ஸ் சொல்லுவாங்க? எதுவும் நடக்காம பாத்துக்கறதுதான் என் வேலையே."

நியாயம்தான். ஆனால் கடை வாசலில் பெயர்ப் போர்டு மாட்டியே பிழைத்த எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் திறமையை எதிரில் நின்று பார்த்து நாலு பேர் வாயடைத்துப் போனது, அந்தச் சின்னக் கடையில்தான்...