கேஸ் ஜீப் இருசப்பன்

வெங்கடாசலம் தன் உப்பளத்துக்கு வாங்கிவந்த ஜீப், பட்டாளத்தில் கழித்துப்போட்ட வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். மழைக்காலத்தில் உப்பளத்துச் சேறு லாரியை அச்சுவரை விழுங்கிவிடும். இந்த ஜீப் மட்டும் எருமைபோல முண்டிக்கொண்டு கரையேறிவிடும். ஒரே குறை, பெட்ரோலை அது குடித்த குடி. முதலாளிக்கு வயிறு எரிந்தது. பாண்டிச்சேரிப் பட்டறை ஒன்றில் கொடுத்து, பின்னால் ஒரு சிலிண்டர் தொட்டியும் முன்னால் அதற்கான சாமான்களும் பொருத்தி, கேஸில் ஓடும்படி மாற்றிக்கொண்டார். வண்டி மாறியதும் ஓட்டுபவனின் பெயரும் மாறியது. மரக்காணம் கடைத்தெருவில் அதன்பிறகு அவன் கேஸ் ஜீப் இருசப்பன்.

இருசப்பனுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. பட்டறைக்காரன் சொல்லிக்கொடுத்ததற்கு மேல் அவனாகவே பலதும் தெரிந்துகொண்டான். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் கேஸைச் சூடாக்கும் டப்பா ஐஸ் கட்டிக்கொள்ளும், வண்டி மூச்சுத்திணறி நிற்கும். அந்த டப்பாவின் அடியில் தார்போல ஓர் எண்ணெய் தங்கும். அவ்வப்போது திருகைத் திறந்து அதை வடிக்க வேண்டும். கேஸில் ஓடும் எஞ்சினுக்குப் பிளக்கின் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே உப்புக்காற்று. அது செம்புக் குழாயின் மூட்டுகளில் பச்சைப் பாசிபோலப் பூத்து, ஒயர் முனைகளைத் தின்றது. இருசப்பன் காலையில் வண்டியை எடுக்குமுன் ஒவ்வொரு மூட்டாகக் குனிந்து மோந்து பார்ப்பான்.

"கேஸு காத்தவிட கனம்" என்பான் கேட்பவர்களிடம். "மேல போவாது. கீழ படுத்துக்கும். நாமதான் குனியணும்."

அவன் மனைவி அமராவதியும் அதே உப்பளத்தில்தான் உப்பு வாரினாள். புருஷன் தன்னைக்கூட இவ்வளவு பக்கத்தில் வந்து பார்த்ததில்லை என்று சக பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்தது. இருசப்பன் சக்கரத்துக்குக் காற்றுப் பிடிக்க ஜீப்பை ரோட்டுக்கு ஓட்டிவந்திருந்தான். அனுமந்தைப் பக்கமிருந்து ஜனங்கள் ஈரத்துணியோடு ஓடிவந்தார்கள். ஒருத்தி குழந்தையென்று நினைத்துத் தலையணையை மார்போடு கட்டிப்பிடித்திருந்தாள். அவன் யாரிடமும் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பினான். அனுமந்தைக்குத் தெற்கே ஒரு குப்பம். அதற்குப் போகும் மண்பாதை தண்ணீருக்கடியில் இருந்தது. தண்ணீரை எஞ்சின் மேல் வாரியடிக்காமலிருக்க ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நாலு சக்கர கியரைப் போட்டு, நடக்கிற வேகத்தில் உள்ளே போனான். போலீஸ் வண்டியும் ஆம்புலன்சும் ரோட்டிலேயே நின்றன.

முதலில் உயிரோடிருந்தவர்களை ஏற்றினான். பிறகு உயிரில்லாதவர்களை. வலையில் சுற்றிக்கொண்டவர்கள், சவுக்குத் தோப்பில் செருகிக்கிடந்தவர்கள் என்று பல நாள்களுக்கு அந்தச் சேற்றில் அவன் வண்டி மட்டுமே போய் வந்தது. ஒவ்வொரு நடை முடிந்ததும் பிளீச்சிங் பவுடரை வாளி வாளியாகக் கரைத்து ஜீப்பின் பின்பக்கத்தைக் கழுவினான். முகத்தில் துண்டு கட்டச் சொன்னார்கள். வியர்வையில் துண்டு நழுவிக்கொண்டே இருந்ததால் அவிழ்த்துப் போட்டுவிட்டான்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் வழக்கம்போல மூட்டுகளை மோந்து பார்க்கக் குனிந்தான். ஒன்றும் தெரியவில்லை. கேஸ் இல்லை என்பதல்ல; பெட்ரோல் இல்லை, கிரீஸ் இல்லை, எதுவுமே இல்லை. வீட்டுக்குப் போய்க் கருவாட்டுப் பானைக்குள் மூஞ்சியை விட்டான். அமராவதி சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

நிவாரண முகாமுக்கு வந்திருந்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "பிளீச்சிங் பவுடர் நெடி பண்ணின வேலை. திரும்பி வரும். வராமலும் போகலாம்" என்றார்.

"சொல்லாத யா, வேலைய விட்டு நிறுத்திடுவாங்க" என்றாள் அமராவதி.

இருசப்பன் அன்று சாயங்காலமே போய் முதலாளியிடம் சொல்லிவிட்டான். மூடிவைத்து ஓட்டுகிற வண்டியல்ல இது என்பது அவன் எண்ணம். வெங்கடாசலம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார்.

"ஏம்பா, மூக்கால வண்டி ஓட்டுவியா நீ? கையும் காலும் இருக்குதுல்ல? போய் வேலையப் பாரு."

அதிலிருந்து அவன் சோப்புத் தண்ணீருக்கு மாறினான். கிண்ணத்தில் நுரை கலக்கி, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவுவான். எங்கே முட்டை விடுகிறதோ அங்கே கசிவு. அதுவும் போதாதென்று, வேலைக்குப் போகும் பெண்கள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் திருகுமுன் திரும்பிப் பார்த்துக் கேட்பான்: "வாசன எதுனா வருதா?"

"அருக்காணி மல்லிப்பூ வெச்சிருக்கா, அதான் வருது" என்று யாராவது சொல்வார்கள். கலகலவென்று சிரிப்பு எழும். அவனும் சிரித்துக்கொண்டே வண்டியை எடுப்பான். கடலடித்த வருஷமும் போய், ஊரை மூழ்கடித்த அடுத்த வருஷத்து மழையும் போனது. அவன் கையில் அந்த ஜீப் ஒரு நாளும் கசியவில்லை.

இரண்டாயிரத்து ஆறு கோடையில், உப்பு நன்றாக விளைந்த நேரம், அமராவதியின் அண்ணன் இறந்துவிட்டான். இருசப்பன் காரியத்துக்குப் போனான். அவன் இல்லாதபோது ஜீப்பை ஓட்டியவர் வெங்கடாசலத்தின் மைத்துனர் சுப்ராயன். கேஸ் தீர்ந்தபோது பாண்டிச்சேரி பங்க்வரை போக அவருக்குச் சோம்பல். அக்காள் வீட்டு அடுப்பு சிலிண்டரைத் தூக்கிவந்து கவிழ்த்து, ஒரு ரப்பர் குழாயைச் செருகி, ஜீப் தொட்டிக்குள் கேஸை இறக்கினார். பித்தளை நட்டு இடம் கொடுக்காததால் பெரிய ஸ்பேனரைப் போட்டு முறுக்கியதில் மூட்டு கசியத் தொடங்கியிருக்கிறது. இது இருசப்பனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவன் திரும்பிவந்த காலையில் வண்டி உப்பளக் கரையில் நின்றது. அருக்காணிக்கு உப்புத் தண்ணீரில் வெடித்த பாதம் சீழ் பிடித்து முழங்கால்வரை வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவளைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். துணைக்கு இரண்டு பெண்கள் ஏறியிருந்தார்கள். சுப்ராயன் அவசரப்படுத்தினார்.

ஓட்டுநர் இடத்தில் ஏறிய இருசப்பன் திரும்பிப் பார்த்துக் கேட்டான். "வாசன வருதா?"

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. "லேசா வருதுண்ணா" என்றாள் அருக்காணி.

"இப்பத்தான் கேஸ் புடிச்சேன், அந்த வாசனதான்" என்றார் சுப்ராயன். "எல்லாம் பாத்துட்டேன், எடுடா வண்டிய."

"எங்க புடிச்சீங்க?"

"எங்க புடிச்சா உனுக்கு இன்னா?"

இருசப்பன் இறங்கிவிட்டான். "எல்லாரும் கீழ எறங்குங்க. சாவியத் தொடாதீங்க, சோப்புத் தண்ணி போட்டுட்டு வந்துடறேன்." இரண்டு பெண்களும் குதித்தார்கள். அருக்காணி வீங்கிய காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்து நகர்ந்துகொண்டிருந்தாள். அவன் கொட்டகையில் கிண்ணத்தை எடுத்து, டிரம்மில் தண்ணீர் மொண்டான்.

முதுகுக்குப் பின்னால் செல்ஃப் எடுக்கும் சத்தம் கேட்டது. சுப்ராயன் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

பெரிதாக ஒன்றும் வெடிக்கவில்லை. அடுப்பு பற்றுவதுபோல ஒரு 'குப்' அவ்வளவுதான். ஆனால் கேஸ் வண்டியின் தளத்தில் படுத்திருந்தது. அருக்காணியின் கால்களும் அங்கேதான் இருந்தன. சுப்ராயன் புருவம் கருகக் குதித்து ஓடினார். இருசப்பன் தீக்குள் கையை விட்டு அவளை அள்ளி வெளியே போட்டான். திரும்பப் போய்த் தொட்டியின் வால்வைத் திருகி மூடினான். அவன் வலது உள்ளங்கையின் தோல் அந்த வால்வோடு போயிற்று.

போலீஸ் வந்தபோது வெங்கடாசலத்தின் வாயில் கதை தயாராக இருந்தது. "மூக்கு செத்தவன்னு தெரிஞ்சும் பாவம் பாத்து வண்டியக் குடுத்தேன் சார். கடல்ல செத்தவங்களத் தூக்குனவனாச்சே, எப்படி நிறுத்தறதுன்னு இரக்கப்பட்டேன். அதுக்குத்தான் இந்தத் தண்டன."

சப்-இன்ஸ்பெக்டர் பெண்களைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார். அவனுக்கு வாசனை தெரியுமா, தெரியாதா?

"தெரியாதுங்க. தெனமும் எங்களத்தான் கேப்பாரு" என்றார்கள். பொய்யில்லை. சாவியைத் திருகியது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை அவர்கள் சொல்லவில்லை. சுப்ராயனின் புருவத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை.

இருசப்பனுக்கு அருக்காணிமேல் நம்பிக்கை இருந்தது. அவள் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள். அவள் கண் திறந்து பேசும்வரை காத்திருந்து, கையில் கட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். அவள் கால்களுக்குமேல் துணி படாமலிருக்க வளைவுக் கம்பி வைத்து மூடியிருந்தார்கள். கட்டிலருகே புது பிளாஸ்க்கும் ஆப்பிளும் இருந்தன. முதலாளி வீட்டுச் சாமான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"எப்பிடிமா இருக்குது?"

"இருக்குதுண்ணா."

"போலீசு வந்தாங்களா?"

அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டேன்."

அவன் பார்வை அந்த ஆப்பிள்மேல் போயிற்று.

"ஆஸ்பத்திரி செலவு முழுக்க அவங்க பாக்கறாங்க. ஊட்டுக்காரரு அந்த அளத்துலதான் வேல செய்யறாரு. ரெண்டு பொண்ணுங்க இருக்குதுண்ணா எனுக்கு. நீ ஆம்பள, எங்கனா போய் பொழச்சிக்குவ."

"நான்தான உன்னத் தூக்குனேன்?" என்றான் இருசப்பன். கேட்டபிறகு, கேட்டிருக்க வேண்டாமே என்று தோன்றியது. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா வலியா என்று தெரியவில்லை. அவன் வெளியே வந்துவிட்டான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும் என்றார் வக்கீல். ஒப்புக்கொண்டான். லைசென்சைப் பிடுங்கிக்கொண்டார்கள். கடைத்தெருவில் அவன் பெயரிலிருந்து கேஸ் ஜீப் கழன்றுகொண்டது. மூக்கன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். குப்பத்து ஜனங்கள் மட்டும் சந்தையில் பார்த்தால் அவன் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் யாரிடமும் ஜீப் இல்லை.

குயிலாப்பாளையத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் வேலை கேட்டுப் போனான். அங்கே கேஸ் வண்டிகள் வரும். முதலாளி நல்ல மனிதர். டீ வாங்கிக்கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நீ சொல்றத நான் நம்பறேம்பா. கஸ்டமரு நம்பணுமே" என்றார். இருசப்பன் டீயைக் குடித்து முடித்து பஸ் ஏறினான்.

கடைசியில் இன்னொருவர் உப்பளத்தில் மூட்டை தூக்கும் வேலைதான் கிடைத்தது. வலது கை முழுசாக விரியாது. தழும்பு இழுத்துப் பிடித்திருந்தது. அமராவதி வெங்கடாசலத்தின் அளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு, தூரமாக இருந்தாலும் அவனோடு நடந்தாள். "அன்னிக்கே சொல்லாதன்னு சொன்னேன்" என்று மட்டும் எப்போதாவது சொல்வாள். சொல்லாமலிருந்தால் அருக்காணி தப்பியிருப்பாளா என்று எண்ணிப் பார்ப்பான். தப்பியிருக்கமாட்டாள். தான் மட்டும் தப்பியிருப்போம் என்று தெரிந்ததுதான் அவனை அதிகமாக அறுத்தது.

வருஷக் கடைசியில் அருக்காணியின் மூத்த பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. அருக்காணியின் புருஷன் தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து வாசலில் நின்றான். அமராவதி எழுந்து உள்ளே போய்விட்டாள். இருசப்பன் தட்டை வாங்கிக்கொண்டான்.

"போவப்போறியா?" என்று பிறகு கேட்டாள்.

"அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு?"

தனியாகத்தான் போனான். பந்தலில் முன்வரிசையில் வெங்கடாசலமும் சுப்ராயனும் உட்கார்ந்திருந்தார்கள். "வாப்பா இருசப்பா" என்று வெங்கடாசலம் பெரிய மனுஷத்தனமாகக் கூப்பிட்டார். அவன் தலையசைத்துவிட்டுப் பந்திக்குப் போனான். அருக்காணி கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து, அவன் இலையில் தானே சாம்பார் ஊற்றினாள். ஒரு கையால் ஊற்றியதில் அது இலையைத் தாண்டி வழிந்தது. அவன் இடது கையால் இலை ஓரத்தை மடித்துப் பிடித்துக்கொண்டான்.

சாப்பிட்டு எழுந்து, அந்தப் பெண்ணின் தலையில் அட்சதை போட்டுவிட்டு, வெயிலில் வீட்டுக்கு நடந்தான்.