சக்கரத்துக்கு அடியில் வெளிச்சம்

நகப்பூச்சு வாசனை வந்தால் எனக்குக் கோபம் வரும். சிரிக்காதீர்கள். சிலருக்குத் தாழம்பூ வாசனை தலைவலி கொடுப்பதில்லையா, அந்த மாதிரி. போன வாரம் திருப்பதியிலிருந்து பெங்களூர் போகும் பஸ்ஸில், பக்கத்து இருக்கைப் பெண் சித்தூர் தாண்டியதும் பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்தாள். பஸ் குலுங்காத நேரமாகப் பார்த்து ஒவ்வொரு விரலாகத் தீட்டிக்கொண்டு வந்தாள். அந்த வாசனையில் கொஞ்சம் விளக்கெண்ணெயையும் கலந்துவிட்டால் போதும், ஆந்திர எல்லையில் எங்கள் ஊரான நகரியில், மாமாவின் மூடிக் கிடந்த பவர்லூம் ஷெட்டுக்குள் நான் நின்றுகொண்டிருப்பேன். அங்கேதான் என் அண்ணன் தாமு விமானம் கட்டினான்.

பொம்மை இல்லை, ஆள் ஏறுகிற விமானம். மரச் சட்டம், அதன் மேல் துணி, தலைக்கு மேலே குடை பிடித்த மாதிரி ஒரே நீளச் சிறகு, ஒன்றின் பின் ஒன்றாக மூடியில்லாத இரண்டு இருக்கைகள். விமானம் என்ற ஒன்று வந்த புதிதில் இப்படித்தான் கட்டினார்களாம். அண்ணன் பெங்களூரில் சின்ன விமானங்களைப் பழுது பார்க்கிற இடத்தில் சில வருடம் வேலை பார்த்தவன். அங்கேயே ஓட்டவும் கற்றுக்கொண்டான். ஊர் திரும்பியபோது அவன் தலைக்குள் இது ஒன்றுதான் இருந்தது. நைனா, "இவனுக்குப் பைத்தியம் புட்ச்சிக்கிச்சி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் பெரிய சண்டைகள் அவ்வளவு சுருக்கமாக முடியும். அந்தக் குணம் எனக்கு மட்டும் வரவில்லை. நான் கோபப்பட்டால் பக்கத்துத் தெருவில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள்.

நான் அப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளிநாட்டு இயந்திரங்கள் பைன் மரப் பெட்டிகளில் வந்து இறங்கும். பெட்டியைப் பிரித்துப் பலகைகளை ஓரமாகக் குவிப்பார்கள். கேட்டால் எடுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள். அந்தப் பலகையில் கட்டில் செய்தவர்கள் எங்கள் பக்கம் உண்டு. கம்பெனி பஸ்ஸில் நான் பலகையோடு ஏறினால் கூட வருகிறவர்கள், "வந்திச்சிடா ஏர்போர்ட்டு" என்று காலை மடக்கிக்கொள்வார்கள். இவ்வளவும் பட்டுக்கொண்டு வந்து இறக்கினால் அண்ணன் ஒவ்வொரு பலகையையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். ஒரு கணு தெரிந்தால் போச்சு. "இது கோழிக் கூண்டுக்கு" என்று தூக்கிப் போடுவான். நான் சுமந்ததில் பாதிக்கு மேல் கோழிகளுக்குத்தான் போனது.

கணுவே இல்லாத பலகைகளை ஒட்டி, இழைத்து, சிறகின் முழு நீளத்துக்கும் ஓடுகிற கட்டையைச் செய்தான். அதற்கு ஸ்பார் என்று பெயர். முதுகெலும்பு மாதிரி. சிறகு நிற்பதும் முறிவதும் அதனால்தான். அதில் தேவையில்லாத ஓர் ஓட்டை விழக்கூடாது, ஆணி படக்கூடாது, அழுத்திப் பென்சில் கோடு போடுவதும் கூடாது. ஆயுத பூஜைக்கு மாமா வந்தார். ஷெட் அவருடையது அல்லவா, எதையும் தொட உரிமை உண்டு. அந்த ஸ்பாரின் நடுவில் சரியாக ஓர் ஆணியை அடித்துச் சாமந்தி மாலையை மாட்டிவிட்டுக் கும்பிட்டார். மாமா போனதும் அண்ணன் ரம்பத்தை எடுத்து, மாதக்கணக்கில் செய்த அந்தக் கட்டையை இரண்டாக அறுத்துப் போட்டான். "எவனாவது நல்லா கீதேன்னு எடுத்து மாட்டிடுவான்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆணியைப் பிடுங்கி மாமா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அது எதற்கென்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

மறுபடி வேறு கட்டை செய்து முடித்த பிறகு, சிறகுக்குத் துணி நெய்தது ரேணுகாக்கா. எங்கள் தெருவிலேயே கைத்தறி வைத்திருந்தவர். புருஷன் போன பிறகு தறியும் வாயும்தான் அவருக்குத் துணை. "சீல நெய்ஞ்சி நெய்ஞ்சி அலுத்துட்டேன், ப்ளேனுக்குப் பாவாட நெய்றேன்" என்று அவராகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. அங்கேதான் நகரிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தோம். தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் எங்கள் ஊரில் துணி கிடையாது. மொடமொடவென்று நிற்காத துணியைக் கையால் தொடக்கூட மாட்டார்கள். ரேணுகாக்கா தன் பெருமையை எல்லாம் கொட்டிக் கஞ்சி போட்டிருந்தார். அப்படியே இழுத்துச் சிறகில் ஒட்டினோம். மரத்துக்கு அடிக்கிற, நகப்பூச்சு வாசனை வரும் லேக்கரில் தின்னரையும் விளக்கெண்ணெயையும் கலந்து மேலே பூசினோம். துணி பளபளவென்று மேளத் தோல் மாதிரி நின்றது. மாமாகூட ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "பர்வாலேதே" என்றார், பரவாயில்லையாம்.

அடுத்த வருட ஐப்பசி மழை வந்தது. லேக்கர் நூலுக்குள் இறங்கவே இல்லை, கஞ்சி விட்டால்தானே இறங்கும்? ஈரத்தில் கஞ்சி ஊறித் துணி தொங்கிப் போனது. பூச்சு அப்பளம் மாதிரி உரிந்தது. ஒரு நாள் காலையில் ஷெட்டைத் திறந்தால், கரப்பான்பூச்சிகள் சிறகின் ஓரத்தை வரிசையாகத் தின்றிருந்தன. அண்ணன், "கஞ்சிய எடுத்துட்டு நெய்யணும்க்கா" என்று மெதுவாகச் சொன்னதற்கு ரேணுகாக்கா சண்டைக்கே வந்துவிட்டார். "கஞ்சி இல்லாத துணி ஒரு துணியாடா? கட்டிக்கினு தெருவுல போனா சிரிப்பாங்க."

"இது தெருவுல போறதில்லக்கா" என்றேன். அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு அவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை.

பழையதை எல்லாம் உரித்து எறிந்தோம். புதுத் துணியைத் தொட்டியில் ஊறவைத்து, தண்ணீர் தெளிவாகப் போகும் வரைக்கும் அலசினோம். விலா எலும்பு மாதிரி இருக்கிற சின்னக் கட்டைகளோடு துணியைச் சேர்த்துத் தைக்க வேண்டும். சிறகை நிமிர்த்தி வைத்து, நான் ஒரு பக்கம், ரேணுகாக்கா மறுபக்கம். நீள ஊசியை நான் உள்ளே குத்தினால் அவர் பக்கம் போகும், அவர் குத்தினால் என் பக்கம் வரும். முகம் தெரியாது, குரல்தான். அந்தச் சிறகு முழுக்க எத்தனை வீட்டுக் கதைகளை வைத்துத் தைத்திருக்கிறோம் என்பது நகரிக்குத் தெரிந்தால் ஊரே தடியைத் தூக்கிக்கொண்டு வரும்.

புத்தூர் போகும் வழியில் மாமா ஒரு லேஅவுட் போட்டிருந்தார். தார் ரோடு நேராகக் கிடக்கும். இரண்டு பக்கமும் மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக் கற்கள். ஒரு வீடு கிடையாது. பறப்பதற்கு அனுமதி வாங்கும் வேலை பாதியில் நின்றிருந்தது; ஆனால் தரையில் ஓட்டிப் பார்க்க யாரைக் கேட்க வேண்டும் என்று அண்ணன் நினைத்தான். டிராக்டரில் கட்டி இழுத்துப் போய், ரோட்டிலேயே சிறகை மாட்டினோம். பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்த எஞ்சின் அவன் கணக்கு போட்டதைவிட எடை குறைவு. மூக்கில் கனம் போதாது, முன் இருக்கையில் ஆள் வேண்டும். "அரிசி மூட்டைய வையேன்" என்றேன். "மூட்டைக்கு மீட்டர் பாத்துச் சொல்லத் தெரியாது, ஏறு" என்றான். எடைக்காக ஏற்றப்பட்ட பெண் நான். மரியாதை அவ்வளவுதான்.

வாலைப் பிடித்துக்கொண்டு ரேணுகாக்கா. எஞ்சின் உறுமியதும் அண்ணன் கையைக் காட்ட, அவர் விட்டார். ரோட்டின் ஒவ்வொரு சல்லியும் என் பற்களில் அடித்தது. மஞ்சள் கற்கள் பின்னால் ஓடின. நான் மீட்டரைப் பார்த்து, "சூடு ஏறல! சூடு ஏறல!" என்று கத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று பற்கள் ஆடுவது நின்றது. எஞ்சின் நின்றுவிட்டதோ என்று பயந்தேன், இல்லை, நின்றது சக்கரச் சத்தம். ஓரமாக எட்டிப் பார்த்தேன். எங்கள் நிழல் எங்களை விட்டு விலகித் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. மனைக் கற்களுக்கு மேலே நாங்கள் இருந்தோம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு மூச்சு இழுத்தேன், அதை விடுவதற்குள் சக்கரம் மறுபடி தரையில் தட்டியது. ரோட்டுக் கடைசியில் மண் குவியலில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றோம்.

அண்ணன் பின் இருக்கையில் அழுதுகொண்டிருந்தான். ரேணுகாக்கா ஒரு கால் செருப்பு இல்லாமல் ஓடி வந்தார். "டேய், சக்கரத்துக்கு அடியில வெளிச்சம் தெரிஞ்சிச்சிடா! அந்தாண்ட மலை தெரிஞ்சிச்சிடா!" என்று அண்ணன் தலையைப் பிடித்து ஆட்டினார். ஆக, பறந்ததைப் பார்த்தவர்கள் மூன்று பேர்.

பக்கத்துக் கொல்லையில் யாரோ எஞ்சின் சத்தத்தைக் கேட்டுப் போலீசுக்குப் போன் போட்டுவிட்டார்கள். போலீசுக்கு முன்னால் மாமா ஷெட்டுக்கு வந்துவிட்டார். "தாமு, ஓடிச்சின்னு சொல்லு. எகிறிச்சின்னு சொல்லாத. கேசு ஒண்ணு ஆச்சின்னா என் லேஅவுட்ல எவன்டா பிளாட் வாங்குவான்?" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மாமா சொல்லி அவன் மறுத்தது கிடையாது. அந்த ஆணிக்குக்கூட அவரை ஒன்றும் கேட்கவில்லையே!

எஸ்.ஐ. வந்து விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். "எகிரிந்தா, லேதா? ஒக்க மாட்ட செப்பு" என்றார். பறந்ததா இல்லையா, ஒரே வார்த்தை.

"லேது சார். எகரலேது" என்றான் அண்ணன்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான். அந்தப் பிடி இன்னும் எனக்கு வலிக்கிறது. எஸ்.ஐ. நிம்மதியாகச் சிரித்தார். "எகரனி விமானமா!" என்று மாமாவின் தோளில் தட்டினார். பறக்காத விமானம். சாயங்காலத்துக்குள் ஊருக்கே அந்தப் பெயர் போய்விட்டது. அண்ணன் டீ குடிக்கப் போனால், "இன்னா தாமு, எகரனி விமானம் எப்படி கீது?" என்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவன் ஷெட் பக்கமே போகவில்லை. மாமா எஞ்சினைக் கழற்றித் தண்ணீர் இறைக்க வைத்துக்கொண்டார். மிச்சத்தைப் பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துவிட்டு, "இடம் ஒழிஞ்சிச்சி" என்றார். ரேணுகாக்கா மாமா வீட்டு வாசலில் நின்று திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எழுதினால் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

ஆமாம், பஸ்ஸில் அல்லவா இருந்தேன். பலமனேருக்கு முன்னால் ஒரு புது ஹோட்டலில் நிறுத்தினார்கள். இறங்கிப் பார்த்தால் வாசலில் இரும்புத் தூண்களின் மேல் அது நின்றுகொண்டிருக்கிறது. சிறகின் மேலே பளபளக்கிற ஃப்ளெக்ஸ் ஒட்டி, சிவப்பும் நீலமுமாக லைட் போட்டிருந்தார்கள். கீழே தெலுங்கில் பெரிய போர்டு: எகரனி விமானம், செல்ஃபி பாயிண்ட். அந்தப் பெயரும் சாமானோடு சேர்ந்தே விலைக்குப் போயிருக்கிறது. சிறகுக்கு அடியில் போய் நின்றேன். ஸ்பாரைக் குடைந்து போல்ட் போட்டிருந்தார்கள். ஒன்றல்ல, வரிசையாக. ஒரு மூலையில் மட்டும் ஃப்ளெக்ஸ் கிழிந்து பழைய துணி தெரிந்தது. என் தையல் தெரிந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். இப்போது திருத்தணியில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான்.

"அண்ணா, நம்ம ப்ளேன் பலமனேர்ல கீது."

"துணி தொங்கிப் போச்சா?"

"ஒரு எடத்துல நல்லா கீது. ஸ்பார்ல ஓட்ட போட்டு வச்சிக்கிறானுங்க. போர்டுல இன்னா எழுதிக்கிறாங்க தெரியுமா உனக்கு?"

"தெரியும். போன வருசமே பாத்தேன்."

"பாத்துட்டு?"

"டீ குட்ச்சிட்டு வந்துட்டேன்."

நான் கத்தியதில் ஹோட்டலில் தோசை தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எகரலேதுன்னு நாமதான சொன்னோம்மா" என்று போனை வைத்துவிட்டான். நாமதானாம்! அந்தக் கோபத்தோடு நேராகக் கல்லாவுக்குப் போனேன். "அது பறந்த விமானம், போர்டை எடுங்க" என்றேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான், தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். "இருக்கலாம்மா. எகிறிச்சின்னு போட்டா எவன் நின்னு போட்டோ எடுப்பான்? எகரலேன்னாதான் ஜனம் சிரிச்சிக்கினு நிக்குது."

வெளியே வந்து நின்றேன். மாமாவின் லேஅவுட் முழுக்க இப்போது மாடி வீடுகள். ஷெட்டை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். ரேணுகாக்கா கொரோனாவில் போய்விட்டார். பார்த்தவர்கள் மூன்று பேரில் ஒருத்தி இல்லை, ஒருத்தன் இல்லையென்று சொல்லிவிட்டான். மிச்சம், எடைக்காக ஏற்றப்பட்ட மூட்டை நான்.

ஒரு குடும்பம் விமானத்துக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றது. அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். "அக்கா, ஒரு போட்டோ எடுங்கக்கா, போர்டு தெரியிற மாதிரி" என்று அந்த ஆள் போனை என் கையில் கொடுத்தார். அவர்கள் கையைத் தூக்கிச் சிறகு மாதிரி விரித்துச் சிரித்தார்கள். நான் போனைத் தூக்கினேன். போர்டு மறைகிற வரைக்கும், தூண்கள் மறைகிற வரைக்கும், சக்கரத்துக்கு அடியில் ஆகாயம் தெரிகிற வரைக்கும் தூக்கி, எடுத்துக் கொடுத்தேன்.

அவர் திரையைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார்.

"இன்னாக்கா, இதுல நாங்களே இல்லியே?"

"அந்தப் போர்டுல நாங்களும்தாம்பா இல்ல" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போய் ஏறிக்கொண்டேன்.