விழாமல் நின்ற அட்டைகள்

காசநோய் பார்க்கிற நெஞ்சு நோய்க் கிளினிக்கில் கூட்டித் துடைக்க நான் சேர்ந்தது இறக்குமதி நின்றிருந்த காலத்தில். கடதாசிக்குப் பஞ்சம். பசைக்கும் பஞ்சம்.

அங்கே ஒரு அலுமாரி நிறைய நோயாளிகளின் அட்டைகள். ஒவ்வொன்றின் ஓரம் முழுக்கத் துளை. மேல் ஓரத்துத் துளை பன்னிரண்டும் மாதங்களுக்கு. மருந்து முடித்தவர் எந்த மாதம் திரும்ப வந்து நெஞ்சுப் படம் எடுக்க வேண்டுமோ, அந்தத் துளையை ஓரம் வரை வெட்டித் திறந்துவிடுவார்கள். மாதம் பிறந்ததும் டொக்டர் அட்டைக் கட்டை அடுக்கி, அந்த மாதத் துளைக்குள் நீளக் கம்பி ஒன்றைச் செலுத்தித் தூக்கி உலுப்புவார். துளை மூடியிருக்கிறவை கம்பியில் தொங்கும். திறந்திருக்கிறவை மேசையில் விழும். விழுந்தவர்களுக்குக் கடிதம் போகும். ஒவ்வொன்றாக வாசித்துத் தேடினால் இரண்டு நாள் பிடிக்கிற வேலை, இரண்டு நிமிடத்தில் முடியும்.

இதெல்லாம் நான் பிறகு அறிந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். சேர்ந்த புதிதில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒருநாள் கிளாக்கர் அலுமாரியிலிருந்து அட்டைகளோடு இரண்டு லாச்சியை உருவி என் முன்னால் வைத்தார்.

"துளையெல்லாம் கிழிஞ்சு போச்சு பிள்ளை. தேவையில்லாததெல்லாம் விழுது. புதுக் காட் கொழும்பால இப்ப வராது. ஒட்டித் தாரும்."

மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, பழைய தாளைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தேன். கிழிந்த மீன்வலை பொத்தி வளர்ந்த கை என்னுடையது. அறுந்த கண் ஒன்றைக் கண்டால் அதை மூடாமல் அடுத்ததற்குப் போகாது. கிழிந்ததையும் மூடினேன். வெட்டினதையும் மூடினேன்.

"வடிவாய் ஒட்டியிருக்கிறீர்" என்றார் கிளாக்கர்.

அடுத்த மாதம் டொக்டர் கம்பியைத் தூக்கி உலுப்பியபோது நான் கூட்டுகிற தும்புத்தடியோடு பக்கத்தில் நின்றேன். கொஞ்ச அட்டைதான் விழுந்தது. விழுந்ததைப் பொறுக்கிக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் ஒரு துளை வாய் திறந்திருந்தது. வெட்டினது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

"இந்த மாசம் ஆக்கள் குறைவு. நல்லது" என்றார் டொக்டர்.

நான் வாய் திறக்கவில்லை. தற்காலிக வேலை. வீட்டுக்கு அந்த வேலை ஒன்றுதான் இருந்தது.

ஒரு மாதம் அப்படியே போனது. கூட்டினேன், துடைத்தேன். அலுமாரிப் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் பிறந்ததும் இரண்டே அட்டை விழுந்தது. டொக்டர் திரும்பவும் உலுப்பினார். பிறகு கிளாக்கரைப் பார்த்தார்.

"நீர் ஒழுங்காய் வெட்டுறேல்லையோ? மேலிடத்துக்கு எழுதவோ?"

"வெட்டினனான் ஐயா. ஒண்டும் விடேல்ல."

நான் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினேன்.

"நான்தான் ஐயா மூடினனான். கிழிசல் எண்டு நினைச்சு ஒட்டிப்போட்டன்."

"எப்ப தெரியும்?"

"போன மாசம்."

டொக்டர் கம்பியை மேசையில் வைத்தார்.

"சரி. ரெண்டு லாச்சியையும் கொண்டு வாங்கோ."

சன்னலடியில் இருந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தோம். கிழிந்தது என்றால் ஒட்டின தாளுக்குள் ஓரம் பிசிறாகத் தெரியும். வெட்டினது நேராகத் தெரியும். கிளாக்கர் வெட்டித் திறந்தார். "உம்மட பசை நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார். சிரிக்கவில்லை. மூன்று நாள் போனது. கண் எரிந்தது.

போன மாதம் விழாமல் தப்பியவை ஐந்து. நாலு பேருக்குத் தபாலில் கடிதம் போனது. ஐந்தாவது கடிதத்தை டொக்டர் என் கையில் தந்தார்.

"எருக்கலம்பிட்டி. வீட்டில சின்னப்பிள்ளை ஒண்டு இருக்கு. நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ."

கடிதத்துக்குரிய பெண் முற்றத்தில் குந்தியிருந்து மடியில் பிள்ளையை வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தா. இடைக்கிடை இருமினா. நான் கடிதத்தை நீட்டினேன்.

"போன மாசம் வர வேண்டிய கடிதம், ராத்தா."

"வரயில்லயே. வராட்டி சுகம் எண்டுதானே. அல்ஹம்துலில்லாஹ் எண்டு புள்ளைய என்னோடயே படுக்க வெச்சன்."

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தேன். பிள்ளை அவவின் தோளில் நித்திரை. பாதி வழியில் சொன்னேன், கடிதம் வராமல் போனது என் கையால் என்று. தெரிந்தும் ஒரு மாதம் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். அவ ஏசவில்லை. பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினா.

"இவனுக்கும் படம் எடுப்பாங்களா?"

"எடுப்பினம்."



அவவின் படத்தில் நோய் திரும்பியிருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அதை டொக்டர் சொன்னபோது நான் வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை.

பிறகு கனகாலம் ஊசிக்கு வந்தா. வாசலில் வருகிறவர்களின் துண்டுச் சீட்டை வாங்குவது அப்போது என் வேலை. எல்லோரும் என்னிடம் தருவார்கள். அவ மட்டும் என்னைத் தாண்டிப் போய்க் கிளாக்கரின் மேசையில் வைப்பா. நான் வழி விட்டு நிற்பேன்.